இயேசு சொன்னதில் எது பழையது, எது புதிது?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சைவக் குடும்பத்தில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்றும், அங்கே தந்த சிறிய புதிய ஏற்பாட்டை அண்மையில் எடுத்துத் திரும்ப வாசித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். "இயேசு சொன்னதெல்லாம் யூதருடைய வேதத்தில் ஏற்கெனவே இருந்ததுதான், தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்பதெல்லாம் பிறகு பொருத்தி எழுதியது" என்று ஒரு நண்பர் சொல்லிவிட்டார், அதில் எவ்வளவு உண்மை என்கிறீர்கள். ஆக, இயேசுவின் போதனையில் புதிதாக ஏதும் உண்டா என்பது ஒன்று. சுவிசேஷங்களை எழுதியவர்கள் பழைய வசனங்களை வைத்துக் கதை கட்டினார்களா, அவர்களை நம்பலாமா என்பது மற்றது. உங்களை உறுத்துவது இந்த இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். நான் பல ஆண்டுகளாக இங்கே பழைய ஏற்பாடு, அதாவது யூதருடைய எபிரெய வேதம், கற்பித்து வருகிறேன். நான் கிறிஸ்தவன், அந்தச் சாய்வு எனக்கு உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். எபிரெயம் வாசிப்பேன்; யூத ரபீமாரின் நூல்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன், அதனால் அவற்றைப் பற்றி அளவோடுதான் பேசுவேன்.

நண்பர் சொன்னதில் முதல் பாதி பெருமளவுக்குச் சரி. கிறிஸ்தவப் போதனையின் சாரம் எது என்று கேட்டால், கடவுளை முழு இருதயத்தோடும் நேசி, உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற இரண்டையும்தான் எவரும் சொல்வார்கள். முதலாவது உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பக்தியுள்ள யூதர் இன்றும் காலையும் மாலையும் அதைச் சொல்கிறார்கள். இரண்டாவது லேவியராகமம் 19:18. மாற்கு சுவிசேஷத்தில் இயேசு இந்த இரண்டையும் சொன்னதும், கேள்வி கேட்ட வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர், "சரியாகச் சொன்னீர்" என்கிறார். அதோடு, தகனபலிகளையெல்லாம் விட இது பெரிது என்று தாமே கூட்டிச் சொல்கிறார். லூக்காவிலோ இந்தப் பதிலைச் சொல்வது இயேசுவே அல்ல. நியாயசாஸ்திரி (யூதச் சட்ட அறிஞர்) ஒருவர் சொல்கிறார், இயேசு ஆமோதிக்கிறார். யாருக்கும் தெரியாத ஒன்றை இயேசு புதிதாகக் கொண்டுவந்தார் என்று சுவிசேஷகர்களே சொல்லவில்லை. இயேசுவுக்கு ஒரு தலைமுறை முன் வாழ்ந்த ஹில்லேல் என்ற குரு, "உனக்கு வெறுப்பானதை மற்றவனுக்குச் செய்யாதே, வேதம் முழுவதும் இதுதான்" என்று சொன்னதாக யூத ரபீமாரின் போதனைத் தொகுப்பாகிய தல்மூத் கூறுகிறது. அது எழுத்தில் வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து, ஆகவே அப்படியே அவர் வாயிலிருந்து வந்த சொல் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் இதே கருத்து தோபித்து நூலில், இயேசுவுக்கு முன்பே, எழுத்தில் இருக்கிறது. அந்த நூல் கத்தோலிக்கரின் விவிலியத்தில் கிடைக்கும். உங்களுக்குப் பள்ளியில் தந்தது போன்ற பதிப்புகளில் இருக்காது.

அந்த லேவியராகமம் 19ஐ முழுதாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நேசம் என்ற பேச்சு அங்கே வானத்திலிருந்து விழவில்லை. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன் கையில் இருக்கக்கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடன் நடக்கும் வழியில் தடுக்கல் வைக்காதே. வழக்கில் ஏழையின் முகம் பார்த்தும் தீர்ப்புச் சொல்லாதே, பணக்காரனின் முகம் பார்த்தும் சொல்லாதே. படியும் தராசும் சரியாக இருக்கட்டும். இவற்றின் நடுவேதான் "உன்னைப்போல் பிறனையும்" என்பது வருகிறது. இன்னும் பதினாறு வசனம் தாண்டினால், உங்களிடத்தில் குடியிருக்கும் அந்நியனையும் உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்கிறது. பிரசங்கங்களில் அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து ஒரு இனிய உணர்ச்சியாக ஆக்கிவிடுகிறோம். கூலியும் தராசும் இல்லாத அன்பு எபிரெய வேதத்துக்குத் தெரியாது, அதில் வளர்ந்த இயேசுவுக்கும் தெரியாது.

அப்படியானால் புதிது எது? மலைப்பிரசங்கத்தில், "உன் சிநேகிதனை நேசி, உன் சத்துருவைப் பகை என்று சொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்கிறார். சத்துருவைப் பகை என்ற கட்டளை எபிரெய வேதத்தில் எங்கும் இல்லை. உன்னைப் பகைக்கிறவனின் மாடு வழிதவறினால் திருப்பிக் கொண்டுபோய் விடு என்று யாத்திராகமமும், சத்துரு பசியாயிருந்தால் சாப்பாடு கொடு என்று நீதிமொழிகளும்தான் சொல்கின்றன. ஆனால் 1947இல் தொடங்கிச் சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த சுருள்களில், ஒரு யூதக் குழுவின் ஒழுங்குவிதி, ஒளியின் மக்களை நேசிக்கவும் இருளின் மக்களைப் பகைக்கவும் சொல்கிறது. அப்படி ஒரு பேச்சு அந்தக் காலத்தில் உலவியது உறுதி. இயேசு குறிப்பாக அந்தக் குழுவுக்குத்தான் பதில் சொன்னார் என்பது ஊகம். "உங்கள் சத்துருக்களை நேசியுங்கள்" என்ற நேரடியான கட்டளை மட்டும் பழைய வேதத்தில் அந்த வடிவில் கிடையாது. மாட்டைத் திருப்பி விடச் சொன்ன விதை அவர் வாயில் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதோடு, "நானோ உங்களுக்குச் சொல்கிறேன்" என்று தம் சொந்த அதிகாரத்தில் பேசுவதும், கடவுளுடைய அரசு தம்மோடு வந்துவிட்டது என்பதும் இருக்கின்றன. யூதரும் கிறிஸ்தவரும் பிரிகிற இடம் போதனை என்பதைவிட, இயேசு யார் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

இனி, லூக்காவில் அந்த நியாயசாஸ்திரிக்கு இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதைக்கு வருகிறேன், அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர் அடித்து, உடுப்பைக் கழற்றிக்கொண்டு, குற்றுயிராய் விட்டுப் போகிறார்கள். ஆலயப் பணி செய்யும் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். யூதர் அண்டாத சமாரியன் ஒருவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். இப்போது 2 நாளாகமம் 28ஐத் திறவுங்கள். ஆகாஸ் யூதாவின் அரசனாக இருந்த காலம். வடக்கே இருந்த இஸ்ரவேலர் தெற்கே இருந்த தங்கள் சொந்த இனத்தாராகிய யூதாவோடு போர்செய்து, பெண்களும் பிள்ளைகளுமாய் இரண்டு இலட்சம் பேரைச் சிறைபிடித்துச் சமாரியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்கிறது அந்த நூல். இந்த எண்ணிக்கையை நான் அப்படியே வரலாறாக எடுக்கமாட்டேன். ஓதேத் என்ற தீர்க்கதரிசி வெற்றியோடு திரும்பும் படைக்கு எதிரே போய் நின்று, இவர்கள் உங்கள் சகோதரர், திருப்பி அனுப்புங்கள் என்கிறார். ஊர்த்தலைவர்கள் சிலரும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு நடந்ததை நூல் சாவகாசமாகச் சொல்கிறது: கொள்ளைப் பொருளிலிருந்தே உடுப்பெடுத்து உடுப்பில்லாதவர்களுக்கு உடுத்தினார்கள், செருப்புப் போட்டார்கள், உண்ணவும் குடிக்கவும் கொடுத்தார்கள், எண்ணெய் பூசினார்கள், நடக்க முடியாதவர்களைக் கழுதைகளில் ஏற்றினார்கள், எரிகோவில் அவர்களுடைய சகோதரரிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சமாரியாவுக்குத் திரும்பினார்கள்.

உடுப்பு, எண்ணெய், கழுதை, எரிகோ, சமாரியா. ஒற்றுமை இருப்பது உறுதி. இயேசுவோ லூக்காவோ இந்த அதிகாரத்தை நினைத்துத்தான் கதையை அமைத்தார்களா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. நினைத்தார்கள் என்பதே என் எண்ணம். இது சரியென்றால் கதையின் கனம் கூடுகிறது. முன்பு ஒருநாள் உன் எதிரியின் ஊரார் இதே வழியில் இதே இரக்கத்தைச் செய்தார்கள், அது உன் வேதத்திலேயே எழுதியிருக்கிறது, மறந்துவிட்டாயா என்று நியாயசாஸ்திரியிடம் கேட்பது போல் ஆகிறது. ஒரே இனத்துக்குள்ளும் இனங்களுக்கு இடையிலும் போரைப் பார்த்த எங்கள் மண்ணில் இந்த அதிகாரத்தை ஏன் இவ்வளவு குறைவாகப் பிரசங்கிக்கிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

இங்கேதான் சுவிசேஷங்கள் பழைய வேதத்தைக் கையாளும் முறை விளங்க வேண்டும். உங்களுக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். கோயிலில் ஓதுவார் "மாசில் வீணையும்" என்று எடுத்தால், கேட்டுப் பழகிய சைவருக்கு அந்த இரண்டு சொல்லோடு நீற்றறையும், அதற்குள் அப்பர் இருந்த இருப்பும், ஈசன் அடி நிழலும் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். யாரும் அடிக்குறிப்புப் போட வேண்டியதில்லை. இயேசுவைக் கேட்டவர்களும் சுவிசேஷங்களை முதலில் வாசித்தவர்களில் பலரும் எபிரெய வேதத்தில் அப்படி ஊறியவர்கள். ஒரு வரி போதும், சுற்றியுள்ள பகுதி தானாக எழும். அதனால் ஒரு மேற்கோளைக் கண்டால் அந்த வரியோடு நிறுத்தாமல், மூல இடத்தில் முன்னும் பின்னும் வாசிக்க வேண்டும். சில வேளை, எடுத்துச் சொன்னதைவிட விட்டுவிட்டதுதான் பேசும். நாசரேத்துச் செபக்கூடத்தில் இயேசு ஏசாயா 61ஐ வாசிக்கிறார்: ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவருக்கு விடுதலை, கர்த்தருடைய அநுக்கிரக வருஷம். அங்கே சுருளை மூடிவிடுகிறார். ஏசாயாவில் அந்த வாக்கியம் முடியவில்லை. "நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும்" என்று தொடர்கிறது. கேட்டிருந்தவர்களுக்கு அது மனப்பாடமாக இருந்திருக்கும். பழிவாங்கும் நாளை எதிர்பார்த்த ஊரில், அந்த இடத்தில் நிறுத்தியது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இரண்டாவது கேள்வி, கட்டுக்கதையா என்பது. மத்தேயுவை எடுத்தால் உங்கள் நண்பருக்குச் சாதகமானதும் பாதகமானதும் இரண்டுமே கிடைக்கும். சாதகமானதை முதலில் பார்ப்போம். சகரியா 9இல் அரசன் கழுதையின்மேலும் கழுதைக்குட்டியின்மேலும் ஏறி வருவான் என்று இருக்கிறது. எபிரெயக் கவிதையில் ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொல்வது வழக்கம், ஆகவே மிருகம் ஒன்றுதான். இயேசு எருசலேமுக்குள் ஏறி வந்த குருத்தோலை ஞாயிறு நிகழ்ச்சியில் மாற்கும் லூக்காவும் ஒரு குட்டியைத்தான் சொல்கிறார்கள். மத்தேயுவில் மட்டும் தாய்க்கழுதையும் குட்டியும் இரண்டும் வருகின்றன. வசனம் நிகழ்ச்சியைச் சொல்லும் விதத்தை மாற்றியிருக்கிறது என்பதை இங்கே மறுக்க முடியாது. பெத்லகேம் பிறப்பிலும் சிக்கல் இருக்கிறது: மீகா 5 சொன்ன அந்த ஊருக்கு மத்தேயுவும் லூக்காவும் வெவ்வேறு வழியில் வந்து சேர்கிறார்கள். அதை வரலாறு என்று சொல்பவரும் உண்டு, இறையியல் என்று சொல்பவரும் உண்டு; ஆவணத்தைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாத வழக்கு அது.

இனி மறுபக்கம். குழந்தை இயேசு எகிப்துக்குப் போய்த் திரும்பியதற்கு மத்தேயு காட்டும் "எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன்" என்பது ஓசியா 11:1. ஓசியாவில் அது வருங்காலத்தைப் பற்றியதே அல்ல. மோசே காலத்தில் இஸ்ரவேல் மக்கள் எகிப்தை விட்டு வெளியேறியதைச் சொல்கிறது. அடுத்த வரியே அந்தப் பிள்ளை விக்கிரகங்களின் பின்னால் போனதைக் கண்டிக்கிறது. இதை மேசியாவைப் பற்றிய, அதாவது யூதர் எதிர்பார்த்த மீட்பரைப் பற்றிய, முன்னறிவிப்பாக யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. "நசரேயன் என்னப்படுவார்" என்று தீர்க்கதரிசிகள் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். அப்படி ஒரு வாக்கியம் பழைய ஏற்பாட்டில் தேடினாலும் கிடைக்காது. வசனங்களை வைத்து ஒரு வாழ்க்கையைப் புனைபவர் இவ்வளவு பொருத்தமில்லாத வசனத்தையோ இல்லாத வசனத்தையோ தேர்ந்தெடுக்கமாட்டார். இயேசு நாசரேத்தூர்க்காரர் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி, அதற்கு வேதத்தில் இடம் தேடியிருக்கிறார்கள். ஆக, பல இடங்களில் செய்தி முந்தியது, வசனம் பிந்தியது. இதனால் செய்தி ஒவ்வொன்றும் உண்மையில் நடந்தது என்று நிரூபணம் ஆகிவிடாது. மத்தேயுவுக்கு முன்பே அது வழங்கி வந்தது என்பதுதான் தெரியும். மத்தேயு செய்ய முயன்றது வேறு என்று நினைக்கிறேன். இஸ்ரவேலின் கதை, எகிப்தும் வனாந்தரமும் (அவர்களுக்கு நாற்பது ஆண்டு, இயேசுவுக்கு நாற்பது நாள்) எல்லாம், இந்த ஒருவரின் வாழ்க்கையில் திரும்ப நடக்கிறது என்று காட்டுகிறார். வனாந்தரத்தில் பிசாசுக்கு இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வருவதற்கும் காரணம் அதுதான்.

ஏரோது அரசன் பெத்லகேமில் ஆண்குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லும் இடத்தில் மத்தேயு எரேமியா 31ஐ எடுக்கிறார்: ராமாவிலே புலம்பல், இஸ்ரவேலின் ஆதித்தாயாகிய ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவர்கள் இல்லாதபடியால் ஆறுதலடைய மாட்டேன் என்கிறாள். அந்தக் கொலையைப் பற்றி மத்தேயுவுக்கு வெளியே சான்று இல்லை. ஏரோதின் கொடுமைகளை விரிவாக எழுதிய யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியரும் இதைச் சொல்லவில்லை. சிறிய ஊரில் நடந்தது பதிவாகாமல் போயிருக்கலாம் என்பது ஒரு பதில், அவ்வளவுதான். ஆனால் ராமா எது என்று பாருங்கள். எருசலேமுக்குச் சற்று வடக்கே உள்ள ஊர். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களை விலங்கிட்டுச் சேர்த்து வைத்திருந்த இடம் அது என்று எரேமியா 40 காட்டுகிறது. எரேமியாவே அங்கே விலங்கோடு நின்றவர். பிள்ளைகளைக் கொண்டுபோன இடத்தில் நின்று அழும் தாயின் குரல் இது. 2017இலிருந்து வடக்கில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தெருவோரக் கொட்டில்களில் இருந்து கேள்வி கேட்கும் தாய்மாரைப் பார்த்த எவருக்கும் இந்த வசனத்துக்கு உரை தேவைப்படாது. எரேமியாவில் அடுத்த வசனம் அழுகையை நிறுத்து, பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்கிறது. மத்தேயு அதை எடுத்து எழுதவில்லை. வாசகர் மனதில் அது எழும் என்று விட்டாரா, அழுகையை அழுகையாகவே நிற்க விட்டாரா என்பதில் அறிஞரிடையே ஒரே கருத்து இல்லை. இரண்டும் என்று நினைக்கிறேன். நம்பிக்கை அந்த அதிகாரத்தில் இருக்கிறது, ஆனால் தாய் அழுது முடிக்கும் முன்பே அதைக் கொண்டுபோய் நீட்ட மத்தேயு துணியவில்லை. சில போதகர்கள் துணிகிறார்கள். அது எனக்குக் கோபம் தரும் காரியம்.

சிலுவையில் வரும் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்பதையும் நண்பர் எடுத்துக்காட்டியிருப்பார். உடுப்பைப் பங்கிட்டுச் சீட்டுப்போடுவதும், தலையை ஆட்டிப் பரிகாசம் பண்ணுவதும் அதே சங்கீதத்தில் உண்டு. உரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் கீழ் இயேசு கொல்லப்பட்டது உறுதி. கிறிஸ்தவரை வெறுத்த உரோம எழுத்தாளர் தாசித்துவும் அதைச் சொல்கிறார். அந்தக் கடைசி மணிநேரத்தின் சிறு விவரங்களைச் சங்கீதத்தின் சொற்களால் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் எனக்கு உறுதி. எந்த விவரம் கண்டவர் சொன்னது, எது சங்கீதம் தந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க இன்று வழியில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கையையும் காலையும் உருவக் குத்தினார்கள் என்று நம் தமிழ் வேதாகமத்தில் அதே சங்கீதத்தில் இருக்கும் வரியை, சிலுவைக் கதைக்கு அவ்வளவு பொருந்தியும், நான்கு சுவிசேஷங்களில் ஒன்றும் மேற்கோள் காட்டவில்லை. சங்கீதத்தைப் பார்த்துப் பிரதிபண்ணியவர்கள் அதையா விடுவார்கள்? அந்தச் சங்கீதம் கடைசியில் துதியில் முடிகிறது. இயேசு அந்த முடிவையும் நினைத்துத்தான் முதல் வரியைச் சொன்னார் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். நான் மேலே சொன்ன முறைப்படி அதற்கு இடம் உண்டு. ஆயினும் மாற்கு அந்த அலறலை எந்த மெழுகும் பூசாமல் வைத்திருக்கிறார். லூக்கா அதை எழுதாமல், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று 31ஆம் சங்கீதத்தின் வரியை வைக்கிறார். அதுவே முதல் தலைமுறைகளில் அந்த அலறல் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

யூதர் வேதத்தையே கிறிஸ்தவர் பிறகு திருத்திவிட்டார்களோ என்ற சந்தேகமும் சிலரிடம் உண்டு. அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. சாக்கடல் குகையில் கிடைத்த முழு ஏசாயாச் சுருள் இயேசுவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. அடிக்கப்படும் ஊழியனைப் பற்றிய 53ஆம் அதிகாரம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த ஊழியன் யார் என்பது வேறு விஷயம். இஸ்ரவேல் மக்களே அந்த ஊழியன் என்று யூதர் வாசிக்கிறார்கள். 49ஆம் அதிகாரத்தில் "இஸ்ரவேலே, நீ என் தாசன்" என்று நேராகவே வருவதால் அதற்கு வலுவான ஆதாரம் உண்டு. நான் அதில் இயேசுவைக் காண்கிறேன், உயிர்த்தெழுதலை நம்பி அங்கிருந்து பின்னோக்கிப் பார்ப்பதால் காண்கிறேன். யூதருடைய வாசிப்பும் இருக்கக்கூடிய வாசிப்பே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணைக்குழு 2001இல் வெளியிட்ட ஏட்டில் ஒப்புக்கொண்டது. அது காலம் கடந்து வந்த நல்ல வார்த்தை.

பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், இயேசுவின் கடவுள் அன்பானவர் என்று பள்ளியில் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதைத்தான் சொல்லி எபிரெய வேதத்தைத் தூக்கி எறியச் சொன்னார். 144ஆம் ஆண்டளவில் உரோமைச் சபை அவரை விலக்கிவிட்டது. இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்ற கடவுளின் வருணனை யாத்திராகமம் 34இல் இருக்கிறது. நரகத்தைப் பற்றிய கடுமையான பேச்சு இயேசுவின் வாயில் இருக்கிறது. அந்தக் கோடு அங்கே ஓடவில்லை. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர் 1840களில் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர். 1854இல் அவர் எழுதிய சைவதூஷண பரிகாரம், விளக்கும் தூபமும் படையலும் சுத்தியும் எல்லாம் எருசலேம் ஆலயத்துக்குக் கடவுளே கட்டளையிட்டதாக உங்கள் வேதம் சொல்கிறதே, பிறகு எங்கள் கோயிலை எப்படிப் பழிப்பீர்கள் என்று மிஷனரிகளைக் கேட்டது. பலிகள் கிறிஸ்துவில் நிறைவேறின என்ற கிறிஸ்தவப் பதிலை நான் ஏற்கிறேன். ஆனாலும் லேவியராகமத்தை அந்த நாளில் இங்கே பல கிறிஸ்தவரைவிடக் கவனமாக வாசித்தவர் நாவலர்.

உங்கள் கையில் இருப்பது புதிய ஏற்பாடு மட்டும் என்பதால், முழு வேதாகமம் ஒன்று வாங்குங்கள். கத்தோலிக்கப் பதிப்பென்றால் தோபித்தும் கிடைக்கும், சங்கீதத்தைத் திருப்பாடல் என்ற பெயரில் பார்க்க வேண்டும். மாற்கு 12இல் தொடங்கலாம். அந்த ஒரே அதிகாரத்தில் ஏசாயா 5, சங்கீதம் 118, யாத்திராகமம் 3, உபாகமம் 6, லேவியராகமம் 19, சங்கீதம் 110 எல்லாம் வந்துபோகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூல அதிகாரத்தை முழுதாக வாசித்துவிட்டுத் திரும்புங்கள். ஏசாயாவில் திராட்சத்தோட்டமே பாழாகிறது. மாற்கில் தோட்டம் பாழாவதில்லை, குத்தகைக்காரர்தான் மாற்றப்படுகிறார்கள். அந்த மாற்றம் ஏன் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு வாசித்தால் இன்னும் நல்லது.